நாலாம் படுக்கையில் ஒன்றுமில்லை

அந்த மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புத் தேர்வில் தோற்றவர்கள் இரண்டு வகை. இல்லாத நோயை இருக்கிறது என்று சொல்லித் தோற்றவர்கள் ஒரு வகை. இருக்கிற நோயை இல்லை என்று சொல்லித் தோற்றவர்கள் இன்னொரு வகை. இரண்டிலும் ஒரே ஆளாக இடம் பிடித்தவள் அக்கா மட்டும்தான். ஜெயித்தவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

தனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் தன்னோடு ஒரே வரிசையில் பரீட்சைக்கு நிற்கத் தொடங்கியதும் அவள் அக்கா ஆனாள். வார்டு ஸிஸ்டர் அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். அதில் அவளுக்கு வருத்தமில்லை. இன்னொரு தடவை தோற்றால் அத்தை ஆகிவிடுவோமே என்பதுதான் கவலை. ஆனால் இன்னொரு தடவை என்பதே கிடையாது. மூன்று முறைதான் உட்கார விடுவார்கள். மூன்றாவதிலும் போனால் படித்த வருடங்களெல்லாம் தண்ணீரில் எழுதியவைதான். இதய சிகிச்சைப் பிரிவில் அவளுக்கென்று பிடித்து வைத்திருக்கும் இடம் மறுநாளே வேறொருவருக்குப் போய்விடும்.

அன்று காலை அவள் செருப்பு மாட்டும்போது மாமியார் வாசல்வரை வந்தார்.

"ஏம்மா, மொதத் தடவ இல்லாதத இருக்குன்னே. ரெண்டாந் தடவ இருக்கிறத இல்லேன்னே. இந்தத் தடவ கொஞ்சம் மாத்திச் சொல்லேன்."

"மாத்தி மாத்தித்தான் அத்தை ரெண்டு தடவையும் சொன்னேன்."

கணவன் கணக்கு வாத்தியார். பரீட்சை என்றால் அவனுக்குத் தெரிந்த பரீட்சைதான். "பதட்டப்படாத. பக்கத்துல இருக்கறவங்க என்ன எழுதறாங்கன்னு ஓரக்கண்ணால பாத்துக்க."

"பக்கத்துல நோயாளிதான் படுத்திருப்பாரு."

"அப்போ அவரையே கேட்டுரு."

இப்படி எல்லா ஆலோசனையையும் பெற்றுக்கொண்டு அவள் கிளம்பினாள். முதல் தடவை அவளைக் கவிழ்த்தது 'சும்மா கேஸ்'. அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

துறைத்தலைவரின் ஏற்பாடு அது. தேர்வு வார்டில் வரிசையாக நோயாளிகளைப் படுக்க வைத்திருப்பார்கள். ஈரல் வீங்கியவர், நுரையீரலில் நீர் கோத்தவர், கழுத்தில் கட்டி உள்ளவர் என்று ஆளுக்கொரு தினுசு. அவர்கள் நடுவே ஒரே ஒருவர் மட்டும் முழு ஆரோக்கியமாகப் படுத்திருப்பார். எங்காவது நல்ல உடம்போடு திரியும் ஒருவரைத் தலைவர் பிடித்து வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, போர்வையைப் போர்த்திவிடுவார். "வியாதியக் கண்டுபிடிக்கறது பெரிய விஷயமே இல்ல. ஒண்ணுமில்லேன்னு சொல்ல முதுகெலும்பு வேணும்" என்பார். படித்துப் படித்துத் தலை வீங்கிய பிள்ளைகளுக்கு ஒண்ணுமில்லை என்று சொல்ல நாக்கு எழாது. கல்லுப்போல் இருக்கிறவன் உடம்பில் ஏழெட்டு வியாதிகளைக் கண்டுபிடித்துவிட்டு வெளியே வந்து அழுவார்கள். அக்கா அந்த வருடம் ஒரு தபால்காரருக்கு மண்ணீரல் வீங்கியிருப்பதாகச் சொன்னாள். அந்தத் தபால்காரர் இன்றும் சைக்கிளில் அவளைக் கடந்து போகும்போதெல்லாம் வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் போகிறார்.

துறைத்தலைவருக்கு மாணவப் பருவத்திலேயே 'பெரிய காது' என்று பெயர். ஸ்டெதஸ்கோப்பே இல்லாமல் கேட்பார் என்பது பேச்சு. ஒருநாள் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, "கடைசி பெஞ்ச்ல யாருக்கோ மூணாவது இதயச் சத்தம் வருது, என் பாடத்துக்கு இடைஞ்சலா இருக்கு, வெளிய போ" என்றாராம். பையன் பயந்து ஓடினானாம். ஓடிய ஓட்டத்தில் அந்தச் சத்தம் நின்றே போயிற்றாம்.

அவரோடு படித்தவர், அன்றைக்கு வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்தவர், 'சின்னக் காது'. ஆள் குட்டை என்பதால் அந்தப் பெயர், காதில் குறைந்தவரில்லை. ஒருமுறை தொலைபேசியில் பேச இணைப்புக்குக் காத்திருந்தவர், "நான் பேச வேண்டியவர் அப்புறம் பேசட்டும், நடுவுல மூச்சு விடறாங்களே ஒரு அம்மா, அவங்களுக்கு இடது பக்கம் அடியில நீர் கோத்திருக்கு" என்றாராம். இணைப்பு கொடுத்த அம்மாள் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் அப்படியே இருந்ததாம். படம் எடுத்தவர் இப்போது உயிரோடு இல்லை, ஆகவே நம்பத்தான் வேண்டும். இரண்டு பேரில் யாருக்குக் காது பெரிது என்ற சண்டை நாற்பது வருடமாகத் தீரவில்லை.

பெரிய காதுக்குக் காது போய்விட்டது என்பது வேறு விஷயம். சில வருடங்களாகவே போயிருந்தது. வார்டைச் சுற்றி வரும்போது அவர் நோயாளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடுவார். உடனே யாராவது ஒரு மாணவர் உரக்கச் சொல்வார், "சார், கீழ் ஓரத்துல ஒரு முணுமுணுப்பு இருக்கு சார்." அவர் கண்ணைத் திறந்து, "இப்பத்தான் தெரிஞ்சுதா உனக்கு?" என்பார். அவ்வளவுதான். யூனிட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது, அல்லது தெரியாததுபோல் இருந்தார். மூன்று வருடம் அப்படி உரக்கச் சொன்னவர்களில் அக்காவும் ஒருத்தி.

ஆனாலும் தேர்வுக்கு அது இடைஞ்சலில்லை என்று அவள் நம்பினாள். சின்னக் காது வருகிறாரே! இருவரில் ஒருவருக்காவது கேட்டால் போதாதா?

தேர்வு வார்டுக்கு வெளியே, மருந்து அலமாரிகள் அடுக்கியிருந்த அறையில் தேர்வு எழுதுகிறவர்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். அக்காதான் கடைசி. அவளுக்கு முந்தி உள்ளே போனவனை எல்லோரும் 'தம்பி' என்பார்கள். அவன் வெளியே வந்தபோது முகமெல்லாம் பல்.

"அக்கா, நாலாம் படுக்கை சும்மா கேஸ். இந்தத் தடவ நம்ம லிப்ட்காரரைப் படுக்க வச்சிருக்காங்க. சட்டை இல்லாம பாத்தா மல்யுத்த வீரர் கணக்கா இருக்காரு. ஒண்ணுமில்லேன்னு சொன்னேன். பெரிய காது கையப் பிடிச்சுக் குலுக்காத குறைதான்."

"உள்ளே நடந்தத வெளிய சொல்லக் கூடாதுடா."

"எல்லாருமே சொல்லித்தான் வந்திருக்காங்க. எனக்கு முன்னாடி போனவன் சொன்னான், அவனுக்கு முன்னாடி போனவன் சொன்னான். நீங்கதான் கடைசி, உங்களுக்குச் சொல்லலேன்னா பாவம் இல்லையா?" அவன் போகத் திரும்பி, மறுபடி குனிந்தான். "அக்கா, அவர் நெஞ்சுல ஸ்டெத் வச்சதும்…"

"வச்சதும்?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லேன்னே சொல்லிருங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

அவன் போய்விட்டான். உள்ளே மணி அடித்தது.

மற்ற படுக்கைகள் அவளுக்கு நல்லபடியாகவே போயின. ஈரல் இருந்த இடத்தில் ஈரல் இருந்தது. தட்டினால் மந்தமாகச் சத்தம் வர வேண்டிய நுரையீரல் மந்தமாகவே சத்தம் கொடுத்தது. திரைகளுக்கு நடுவே நடந்து நாலாம் படுக்கைக்கு அவள் வந்தபோது கை வியர்த்திருந்தாலும் மனம் லேசாகத்தான் இருந்தது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதிதான் ஒண்ணுமில்லையே.

லிப்ட்காரர் கண்ணைத் திறந்து சிரித்தார். தினமும் அவளை மாடிக்கு ஏற்றி இறக்குகிறவர்.

"வாங்க டாக்டரம்மா. நீங்கதான் கடைசியா? காலைல இருந்து தட்டித் தட்டி எனக்கு முதுகே மரத்துப் போச்சு."

"ஏதாவது தொந்தரவு இருக்கா உங்களுக்கு?"

"அதெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்ததுலேர்ந்து ஒரு டாக்டர்கிட்டகூடப் போனதில்ல. யார் யார் எப்படின்னு எனக்குத் தெரியுமில்ல?"

அவள் நாடி பார்த்தாள். நல்ல நாடி. நகம், கண், கழுத்து, எல்லாம் நன்றாக இருந்தன. வயிற்றைத் தடவியபோது தபால்காரர் ஞாபகம் வந்தது. ஆனால் அங்கே எதுவும் தட்டுப்படவில்லை. பிறகு நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

மார்பெலும்பின் இடது ஓரத்தில், தோலுக்கு அடியில், ஏதோ அதிர்ந்தது. மூடிய உள்ளங்கைக்குள் அகப்பட்ட வண்டு இறக்கையை அடிப்பது போல. நாடி துடிக்கும்போது அதிர்ந்தது, அடங்கும்போது அடங்கியது. அவள் கையை எடுத்துத் தன் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். வண்டு அங்கேயேதான் இருந்தது.

ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். வைத்த மாத்திரத்தில் காதைப் பிய்த்தது. ரம்பம் அறுப்பது போல் ஒரு கரகரப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும், துடிப்பு முழுக்க. இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரில் ஓட்டை. பிறந்ததிலிருந்து இருப்பது. ஓட்டை சின்னதாக இருந்தால்தான் இப்படிச் சத்தம் போடும். பெரிதாக இருந்தால் ஓசைப்படாமல் ஆளைச் சாய்த்துவிடும். புத்தகத்தில் எழுதியது எழுதியபடி இருந்தது.

சும்மா கேஸ் என்று தலைவரே தேர்ந்தெடுத்த ஆள். இரண்டு தேர்வாளர்களும் காலையில் பார்த்து, சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் படுக்கையில் போடுவார்கள். முன்னால் வந்த எட்டுப் பேரும் ஒண்ணுமில்லை என்றார்கள். இத்தனை பேருக்குக் கேட்காதது இரண்டு தடவை தோற்ற ஒருத்திக்குக் கேட்குமா? மண்ணீரலும் இப்படித்தான் அன்று கைக்கு நிச்சயமாகத் தட்டுப்பட்டது. அவள் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். அங்கே லப்-டப் என்று, வேகமாக, ஆனால் சுத்தமாக இருந்தது. மறுபடி அவர் நெஞ்சில் வைத்தாள். ரம்பம் அறுத்தது.

"டாக்டரம்மா," லிப்ட்காரர் தணிந்த குரலில் கேட்டார், "நீங்களும் ஏன் முழிக்கிறீங்க?"

"நீங்களும்னா?"

அவர் பதில் சொல்வதற்குள் திரை விலகியது.

பெரிய காது முன்னால் வந்தார். வெள்ளைக் கோட்டில் சுருக்கம் விழ அஞ்சும் உயரம். பின்னால் சின்னக் காது, கழுத்தில் பளபளக்கும் ஸ்டெதஸ்கோப்போடு. ஸிஸ்டர் ஒரு ஓரமாக நின்றுகொண்டார்.

"ம்," என்றார் பெரிய காது. "இந்த ஆளுக்கு என்ன?"

இரண்டே வார்த்தை. ஒண்ணுமில்லை சார். சொல்லிவிட்டால் மாலையில் மாமியாருக்கு விடை சொல்லிவிடலாம், இதயப் பிரிவில் இடம் இருக்கும், அவள் அக்காவாக இருப்பதும் அன்றோடு முடியும். லிப்ட்காரரும் இத்தனை வருடம் போல் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். ஒரு பல்லைப் பிடுங்கப் போய், அதிலிருந்து ரத்தத்தில் கிருமி ஏறி, அந்த ஓட்டையில் போய் உட்கார்ந்தாலும் உட்காரலாம்.

"சார், இதயத்துல முணுமுணுப்பு இருக்கு. கீழ் அறைகளுக்கு நடுவுல ஓட்டைன்னு நினைக்கிறேன். சின்ன ஓட்டை."

ஸிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய காது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவள் முடித்ததும் மெல்லச் சிரித்தார்.

"ஓட்டையா? அன்னிக்கு மண்ணீரல். இன்னிக்கு ஓட்டை. அம்மா, நீ கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிக்கிட்டே வர்ற."

"சத்தம் ரொம்ப நல்லாக் கேக்குது சார்."

"எனக்குக் கேக்கல." அது உண்மைதான். "எட்டுப் பேருக்குக் கேக்கல. இவருக்குக் கேக்கல. இவர் யாருன்னு தெரியுமில்ல?"

அவள் சின்னக் காதைப் பார்த்தாள். இதுவரை அவள் வைத்திருந்த நம்பிக்கை முழுவதும் அந்தக் குட்டையான மனிதரின் தலையின் இரண்டு பக்கமும்தான் இருந்தது.

"நானே இன்னொரு தடவ பாத்துர்றேன்," என்றார் அவர் பெருந்தன்மையாக. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, வட்டத் தகட்டை லிப்ட்காரரின் மார்பில் அழுத்தி, கண்ணை மூடினார். தலை தாளத்துக்கு அசைந்தது. நோயாளியின் நெஞ்சில் ஏதோ கச்சேரி நடப்பதுபோல் உதட்டோரம் ஒரு சின்னப் புன்னகையும் வந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. "சுத்தம்," என்றார் கடைசியில். "லப்-டப், லப்-டப். குழந்தை மாதிரி."

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள்.

ஸ்டெதஸ்கோப்பின் தலை இரண்டு பக்கம் உள்ளது. ஒரு பக்கம் அகன்ற தகடு, மறுபக்கம் சின்னக் குழிவு. எந்தப் பக்கத்தில் கேட்க வேண்டுமோ அந்தப் பக்கமாகத் தண்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பாவிட்டால் அந்தப் பக்கம் அடைபட்டு, கல்லில் வைத்ததுபோல் ஒன்றும் கேட்காது. முதல் வருடப் பிள்ளைகூட வைத்த கணமே அடடா என்று திருப்பிக்கொள்ளும். சின்னக் காதின் தண்டு குழிவுப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் அழுத்திக்கொண்டிருந்ததோ தகட்டுப் பக்கம்.

முணுமுணுப்பு மட்டுமல்ல, லப்-டப்பே அதில் கேட்க வழியில்லை. யானை மேல் வைத்தாலும் கேட்காது.

இவருக்கும் போய்விட்டது! காலையில் இரண்டு பேரும் மாறி மாறி வைத்து, மாறி மாறிக் கண்ணை மூடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள். இப்போது ஸ்டெத் திரும்பியிருக்கிறது சார் என்று சொன்னால் வார்டு நடுவே, ஸிஸ்டர் முன்னால், நோயாளி முன்னால், நாற்பது வருடப் புகழை உரித்துப் போட்டது மாதிரி. அப்படி உரித்தவளைத் தேற விட்டதாக இதுவரை வரலாறு இல்லை.

"இங்க பாரு," என்றார் பெரிய காது. குரல் இறங்கியிருந்தது. "உனக்கு இது கடைசித் தடவ. மத்த கேஸெல்லாம் நல்லாப் பண்ணியிருக்கே. நான் வாழ்க்கையில யாருக்கும் இந்தச் சலுகை குடுத்ததில்ல. இன்னொரு தடவ யோசிச்சுச் சொல்லு. இந்த ஆளுக்கு என்ன?"

"சொல்லிருங்க டாக்டரம்மா," என்றார் படுக்கையிலிருந்து லிப்ட்காரர். "நான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டா விட்ருவாங்க போல."

"நீ பேசாமப் படுய்யா."

முடிவு மணி அடித்தது. நேரம் முடிந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள்.

"சார், என் காது மேல எனக்கே சந்தேகமா இருக்கு."

"அப்படிச் சொல்லு."

"கை மேலயும் சந்தேகமா இருக்கு சார். என் கைக்கு ஒரு அதிர்வு தெரியுது. அது பொய்யா இருக்கும். உங்க கைய அந்த இடத்துல வச்சு, பொய்னு சொல்லிட்டீங்கன்னா, நானும் ஒண்ணுமில்லேன்னு சொல்லிர்றேன்."

ஸிஸ்டர் மூச்சு விட்ட சத்தம், கேட்கிறவர்களுக்குக் கேட்டது. தேர்வாளரைப் பார்த்துக் கையை வை என்று சொன்ன மாணவி அந்தக் கட்டடத்தில் அதுவரை இருந்ததில்லை. பெரிய காதின் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது. "எனக்கு நெஞ்சத் தடவிப் பாக்கச் சொல்லித் தர்றியா?"

"இல்ல சார். நீங்க சொல்லித் தந்ததுதான். பாரு, தொடு, தட்டு, கடைசியிலதான் கேளுன்னு."

பெரிய காது கையை நீட்டினார். வெடுக்கென்று, ஈயை அடிக்கப் போகிறவர் மாதிரி நீட்டி, அவள் காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

கை வைத்த வேகத்துக்கு எடுக்க வரவில்லை. அவர் முகம் அப்படியே இருந்தது. காதோரம் மட்டும் சிவந்தது. அக்கா அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் நோயாளிகளைத் தொட்ட விரல்கள். அவற்றுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது.

அவர் கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல," என்றார்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கேட்காத காதை மன்னிக்கலாம். தெரிந்த கை பொய் சொன்னால் என்ன செய்வது? சொன்ன வாக்குப்படி இனி ஒண்ணுமில்லை என்று சொல்ல வேண்டியதுதான்.

"கொஞ்சம் நகரு," என்றது ஒரு குரல்.

சின்னக் காது அவளை விலக்கிக்கொண்டு வந்தார். கட்டில் உயரம் அவருக்கு எட்டாததால் குதிகாலை எக்கி, அதே இடத்தில் கையை வைத்தார். வைத்தபடியே தோழரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நாற்பது வருடச் சண்டையில் ஜெயிக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. தோற்கவும்தான், காலையில் சுத்தம் என்றவர்களில் அவரும் ஒருவர், சற்றுமுன் குழந்தை மாதிரி என்றவரும் அவர்தான்.

"டேய்," என்றார். "எடுத்த கைய மறுபடி வைடா."

வார்டில் பெரிய காதை டேய் என்று யாரும் கூப்பிட்டதில்லை. ஸிஸ்டர் திரையை இழுத்து மூடினார்.

"வைடான்னா."

பெரிய காது கையைப் பையிலிருந்து எடுத்து, தோழரின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கிழக் கைகளும் லிப்ட்காரரின் நெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"காலைல நீ ஒண்ணுமில்லேன்னே," என்றார் பெரிய காது.

"நீ ஒண்ணுமில்லேன்னே. அதனால நான் ஒண்ணுமில்லேன்னேன்."

"நீ கண்ண மூடிச் சிரிச்சே. உனக்குக் கேக்குதுன்னு நினைச்சேன்."

"உனக்கு முன்னாடி சிரிக்காம வேற என்ன பண்றது? கைய வச்சுப் பாத்திருந்தா ரெண்டு பேருமே தப்பிச்சிருப்போம். காதக் காட்டிக்கற அவசரம்." சின்னக் காது கையை எடுத்து, தன் ஸ்டெதஸ்கோப்பை உற்றுப் பார்த்து, தண்டு திரும்பியிருப்பதைக் கண்டு, திருப்பிவிட்டார். "எனக்கு ஆறு வருஷமாவே கேக்கறதில்ல."

"எனக்கு நாலு," என்றார் பெரிய காது. சொன்னவர் சற்று யோசித்து, "அஞ்சுன்னே வச்சுக்கயேன்," என்றார்.

"எப்படிப் பாத்தாலும் எனக்குத்தான் முதல்ல போச்சு."

"சார்," லிப்ட்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "உங்க காதெல்லாம் இருக்கட்டும். எனக்கு என்ன?"

இருவரும் ஒரே சமயத்தில் அக்காவைப் பார்த்தார்கள்.

"நீயே சொல்லும்மா," என்றார் சின்னக் காது.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தேர்வில் அப்படி உட்காரக் கூடாது. அது அவளுக்கு அப்போது நினைவில்லை. "உங்களுக்குப் பொறந்ததுலேர்ந்தே இதயத்துக்குள்ள ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அதுக்குள்ள ரத்தம் பீச்சி அடிக்கறதாலதான் சத்தம். சத்தம் பெருசு, ஓட்டை சின்னது. இத்தனை வருஷம் உங்களோட ஒத்துப் போயிருக்கு, இனிமேலும் போகும். நாளைக்கு இதயத்த எக்கோ எடுத்துப் பாத்துரலாம். பல்லு பிடுங்கப் போனா மட்டும் முன்னாடியே டாக்டர்கிட்ட இதச் சொல்லிரணும்."

"வேலைக்குப் போலாமா?"

"போலாம்."

"பாரம் தூக்கலாமா?"

"எக்கோ பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் தூக்க வேணாம்."

அவர் தன் நெஞ்சில் தானே கையை வைத்துப் பார்த்தார். அதிர்வு தட்டுப்பட்டிருக்க வேண்டும். விருந்தாளி வீட்டுக்குள் இருப்பதை இப்போதுதான் கண்டவர்போல் கையை எடுத்துக்கொண்டார். "அப்ப எல்லாருக்கும் கேட்டுருக்கு," என்றார் மெதுவாக. "காலைல வந்த எட்டுப் பேரும் வச்ச உடனே முழிச்சாங்க சார். ஒருத்தர் ரெண்டு தடவ வச்சுப் பாத்தாரு. கடைசியா வந்த தம்பி, ஸ்டெத்தையே தட்டித் தட்டிப் பாத்துச்சு. அப்புறம் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

பெரிய காது ஒவ்வொரு விரலாகக் கையை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். கேட்காத இருவர் ஒண்ணுமில்லை என்றது ஒரு கணக்கு. நன்றாகக் கேட்ட எட்டுப் பேர், அவர் முகத்தைப் பார்த்து, ஒண்ணுமில்லை என்றது வேறு கணக்கு. அந்த எட்டுப் பேரும் அவர் கையால் வளர்ந்தவர்கள்.

"ஸிஸ்டர்," என்றார். "வெளிய நிக்கிறவங்க யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இந்தப் படுக்கைக்கு எல்லாரும் மறுபடி வரட்டும். ஒவ்வொருத்தரா."

ஸிஸ்டர் போனார். அக்கா எழுந்து நின்றாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சார், நான்… வெளிய இருக்கவா?"

"நீ எங்க போறே?" பெரிய காது முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "வர்றவங்க சொல்றது சரியா தப்பான்னு எங்க ரெண்டு பேருக்கும் எப்படித் தெரியும்? கேட்டுச் சொல்ல ஒரு ஆள் வேணாமா? அந்தத் தலைமாட்டுப் பக்கம் வந்து நில்லு."

"தேர்வு எழுதறவங்க அந்தப் பக்கம் நிக்கக் கூடாது சார்."

"தேர்வு எழுதறவங்க நிக்கக் கூடாதுதான்," என்றார் சின்னக் காது. "எழுதி முடிச்சவங்க நிக்கலாம். போ."

அவள் கட்டிலைச் சுற்றிப் போக நாலடிதான். அந்த நாலடியை அவள் எப்படி நடந்தாள் என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை. இரு மருத்துவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள். லிப்ட்காரர் பெருமூச்சு விட்டுப் போர்வையை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு சாய்ந்தார்.

திரை விலகியது. தம்பி சிரித்தபடியே உள்ளே வந்தான். படுக்கைக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"மறுபடி பாத்துச் சொல்லு," என்றார் பெரிய காது. "இந்தத் தடவ என் மூஞ்சியப் பாக்காத."

தம்பி ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டான். நெஞ்சில் வைக்கும் முன்பே அவன் பார்வை பெரிய காதின் முகத்துக்குப் போய்விட்டது.